பெட்ரோல் வாடை வரும் பழைய எஸ்யூவி: சரிசெய்வதா, கைவிடுவதா?

தூத்துக்குடிக்கு அருகே, உப்பளங்களை ஒட்டிய ஊரில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவரிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் எஸ்யூவி. தந்தை வாங்கியது, அவருடைய மறைவுக்குப் பிறகு முறைப்படி இவர் பெயருக்கு மாற்றப்பட்டு, 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆர்.சி.யும் புதுப்பிக்கப்பட்டது. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பதால் வண்டி பெரும்பாலும் போர்டிகோவிலேயே நிற்கிறது. மாமனாரை மதுரையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல மாதம் ஓரிரு முறை வெளியே எடுக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் கதவின் அடிவிளிம்பு வரை நீரில் நின்றது. அப்போது ஆயில் மாற்றி, உள்ளே கார்பெட்டைக் காயவைத்ததோடு வேலை முடிந்தது.

சில மாதங்களாக, பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வண்டிக்குள் வாடை அடிக்கிறது. பின் இருக்கையில் அமரும் மகள் தலை வலிக்கிறது என்கிறாள். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மூடியிலிருந்து டேங்குக்குப் பெட்ரோல் இறங்கும் குழாயின் இணைப்பைப் பசை வைத்து அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் வாடை திரும்பிவிட்டது. மறுபடி போய்க் கேட்டபோது, "பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, டேங்கின் மேல்பக்கமும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் ஓரமாகச் செல்லும் இரும்புக் குழாய்களும் துருப்பிடித்திருக்கின்றன, மொத்தமாக மாற்ற 46,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். தெரிந்த வெல்டரிடம் டேங்கைக் கழற்றிக் கொடுத்தால் இரண்டாயிரத்தில் ஒட்டிவிடலாம் என்பது மாமனாரின் யோசனை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் விற்றுவிடு என்பது சித்தப்பா மகனின் யோசனை. இதற்கிடையே வாசகி தாமாகவே ஒரு வழி கண்டிருக்கிறார்: கால் டேங்குக்கு மேல் பெட்ரோல் போடுவதில்லை, வாடை குறைந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல்தானா, வெல்டிங் செய்யலாமா, ஒருவேளை தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா, முதல் ஒர்க்‌ஷாப்பிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா, வண்டியை வைத்துக்கொள்வது சரிதானா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

வண்டி பழசானால் வாடை வரும் என்று உங்களிடம் சொன்னது தவறு. பெட்ரோல் வண்டியின் எரிபொருள் அமைப்பு, மூடியிலிருந்து, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை, ஆவிகூட வெளியே போகாதபடி அடைத்து வடிவமைக்கப்பட்டது. டேங்கில் உருவாகும் ஆவியைக் கரி நிரப்பிய ஒரு டப்பாவில் பிடித்துவைத்து, இன்ஜின் ஓடும்போது அதற்குள் இழுத்து எரிப்பதற்குத் தனி ஏற்பாடே உண்டு. வண்டிக்கு இரண்டு வயதானாலும் இருபது வயதானாலும், உள்ளே அமர்ந்திருப்பவருக்குப் பெட்ரோல் வாடை தெரிந்தால் எங்கோ ஓரிடம் திறந்திருக்கிறது என்றுதான் பொருள். உங்கள் மகள் சொல்லும் தலைவலியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, பி.எஸ். 6 தரத்தில்கூட ஒரு விழுக்காடு வரை அதற்கு அனுமதி உண்டு. புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. மூடிய வண்டிக்குள் அந்தக் காற்றைக் குழந்தை சுவாசிக்கக் கூடாது.

ஆகவே மற்றவற்றைப் பேசும் முன் ஒரு வேண்டுகோள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை இந்த வண்டியில் யாரும் பயணம் செய்ய வேண்டாம். மதுரைக்குப் போக வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள். போர்டிகோவில் நிற்கும் வண்டியை, முடிந்தால் இன்றே, நாலு பேரை வைத்துத் தள்ளி, மேலே கூரையில்லாத காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். போர்டிகோவை ஒட்டிச் சமையலறை, இன்வர்ட்டர், தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் இவற்றில் எது இருந்தாலும் அந்த ஆவி அங்கே போய்ச் சேரலாம். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிச் செல்லாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். இது மிகையான எச்சரிக்கை என்று வீட்டில் சொல்வார்கள். தீக்கிரையான வண்டிகளை ஆய்வு செய்யும் சர்வேயர் என்ற முறையில் எழுதுகிறேன்: உரிமையாளரிடம் பேசும்போது, வாடை முன்பே தெரிந்திருந்தது என்ற வார்த்தை அடிக்கடி வரும்.

கால் டேங்க் யோசனை

நீங்கள் கண்டுபிடித்த வழி புத்திசாலித்தனமான கவனிப்பிலிருந்து வந்தது என்பதை மறுக்கமாட்டேன். டேங்க் நிறைந்தால் வாடை, குறைந்தால் வாடை இல்லை என்பது கசிவு எங்கே இருக்கக்கூடும் என்பதற்கு மிக நல்ல தடயம். டேங்கின் மேல் மட்டத்தில் இருப்பவை பெட்ரோல் இறங்கும் குழாய், அதோடு சேர்ந்த காற்றுப்போக்குக் குழாய், டேங்கின் உச்சியில் பம்ப் பொருத்தப்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் ஆகியவைதான். திரவம் அந்த மட்டத்தைத் தொடும்போது வெளியேறுகிறது. தொடாதபோது ஆவியாக மட்டும் போகிறது. இதைக் கட்டாயம் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவருக்கு அரை நாள் வேலை மிச்சமாகும்.

ஆனால் இதையே தீர்வாக வைத்துக்கொண்டால் மூன்று கேடுகள் சேர்கின்றன. திறந்த இடம் திறந்தேதான் இருக்கிறது. காலியாக உள்ள முக்கால் டேங்கில் ஈரக்காற்று நிற்கிறது. இரவில் இரும்பு குளிரும்போது அந்த ஈரம் உட்சுவரில் நீராகப் படிந்து, உள்ளிருந்தும் துரு தொடங்குகிறது. டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப்போ சுற்றியுள்ள பெட்ரோலால்தான் சூடு தணிகிறது. எப்போதும் குறைந்த பெட்ரோலில் ஓடும் பம்ப் சீக்கிரம் பழுதாகும். அதோடு, வாடை குறைந்தது என்பதால் நீங்கள் நிம்மதியடைந்துவிட்டீர்களே, அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

இதுவரை வாடை எப்போதெல்லாம் வந்தது என்பதை இன்னும் சற்று நுணுகி நினைத்துப் பாருங்கள். நிறுத்திய வண்டியிலும் வந்தால் டேங்கின் மேல்பகுதியையும் பெட்ரோல் இறங்கும் குழாயையும் (இறக்கக் குழாய்) சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. இது எல்லாவற்றையும்விட அபாயமானது. அந்தக் குழாயில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில், அதாவது உங்கள் டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் செல்கிறது. ஊசிமுனை அளவு துளை விழுந்தால்கூடச் சொட்டாது, புகைபோலப் பீய்ச்சும். பக்கத்திலேயே பல நூறு டிகிரி சூட்டில் சைலன்சர் குழாய் ஓடுகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானெட் பக்கம் வாடை அடித்துச் சிறிது நேரத்தில் மறைந்தால், இன்ஜெக்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கலாம்.

எத்தனாலா, உப்பா?

இரண்டும்தான். ஆனால் இரண்டும் செய்வது வெவ்வேறு வேலை. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாவிட்டால் தவறான பாகத்துக்குச் செலவழிப்பீர்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும் பொருட்களால் செய்யப்பட்ட வண்டிகள் 2023 ஏப்ரல் முதல்தான் சந்தைக்கு வந்தன. உங்களுடையது 2008 மாடல். அதன் ரப்பர் குழாய்களும் வளையங்களும் இந்தக் கலவையை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டால் பழைய ரகங்களில் சில ரப்பர்கள் ஊதிப் பருக்கும், சில இறுகி விரிசல் விடும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது என்பதால், வாரக்கணக்கில் நின்றுபோகும் வண்டியில் அது கூடுதல் தொல்லை. நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உங்கள் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தால் பழுப்பு நிறத் தூள் கொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொட்டினால் டேங்கின் உட்புறத் துரு உறுதி. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே அந்த வழியில் நிவாரணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ரப்பர் பாகங்களை மாற்றிக்கொள்வதே நம் கையில் இருப்பது.

ஆனால் இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்குக் காட்டிய துரு, குழாயின் வெளிப்புறத்தில் இருக்கிறது. அதற்கு எத்தனாலைக் குறை சொல்ல முடியாது. அது உப்பின் வேலை, வெள்ளத்தின் வேலை. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகக் கசிந்து நீராகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். உப்பளத்தை ஒட்டிய உங்கள் ஊரில் வண்டியின் அடிப்பக்கம் மழையே இல்லாத மாதங்களிலும் ஈரமாகவே இருக்கும் என்பது இதன் பொருள். நிழலில் நிற்பதால் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். மேலே பெயின்ட்டுக்கு அது உண்மை. கீழே, ஓடாமலும் கழுவப்படாமலும் நிற்கும் இரும்புக்கு அது உண்மையில்லை.

துரு எங்கே முதலில் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். இந்த இரும்புக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பு. சேஸிஸ் ஓரமாக நெடுக அது பிளாஸ்டிக் கிளிப்புகளில் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். வெள்ளத்தில் வந்த வண்டல் அந்தக் கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே புகுந்து நின்றுவிடுகிறது. காற்றுப் படாத அந்த இடுக்கில் உப்பும் ஈரமும் காயாமல் தங்கி, இரும்பு மற்ற இடங்களைவிட வேகமாகக் கரையும். கிளிப்புகளுக்கு நடுவே குழாய் பளபளப்பாகவே இருக்கும். கிளிப்பை நெம்பி எடுத்து, மண்ணைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தால் உள்ளே அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாகத் தெரியும். சில குழிகளில் துருவே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பி பிரஷ் பட்டதும் பெட்ரோல் வரும். அதனால் குழாயில் அழுத்தத்தை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே சுரண்ட வேண்டும். டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைகளுக்கு அடியில் உள்ள மெத்தை, டேங்கின் மேல்முகட்டில் தேங்கிய சேறு, பின்சக்கரத்துக்கு மேலே பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால் போகும் இறக்கக் குழாய் ஆகியவையும் இதே வகையான இடங்கள். எதையும் கழற்றாமல் பார்த்தால் இவை கண்ணில் படா.

ஆர்.சி. புதுப்பிக்கும்போது அதிகாரி பார்த்து அனுமதித்தாரே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனை நடந்தது வெள்ளத்துக்கு முன்பு. அதுவும் டேங்கை இறக்கிப் பார்க்கும் சோதனையன்று. மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆம் பிரிவின்படி கிடைத்த ஐந்தாண்டுப் புதுப்பிப்பு, 2028 வரை வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. அதன் ஆரோக்கியத்துக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் ஆகாது.

வெல்டிங் வேண்டவே வேண்டாம்

உங்கள் மாமனார் அக்கறையோடுதான் சொல்கிறார். அந்தக் காலத்தில் டேங்குகளை ஒட்டி ஓட்டியவர்களை அவர் பார்த்திருப்பார். இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்ரோலைக் காலி செய்துவிட்டால் ஆபத்து போய்விடும் என்பது பலரும் நம்பும் விஷயம். உண்மை நேர்மாறானது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். பெட்ரோல் உள்ள டேங்கில் ஆவி இந்த அளவைத் தாண்டி அடர்த்தியாக இருக்கும்; காலி செய்து காற்றுப் புகவிட்ட டேங்கில்தான் கலவை வெடிக்கும் அளவுக்கு வந்து நிற்கும். தண்ணீர் விட்டு அலசினாலும், துருச் செதிலுக்குள்ளும் மடிப்புகளிலும் ஊறியிருக்கும் பெட்ரோல், வெல்டிங்கின் சூடு பட்டவுடன் மறுபடி ஆவியாகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு அந்த வெல்டரின் உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன். அப்படியே தப்பி ஒட்டினாலும், துருவால் மெலிந்த தகட்டில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த துளை விழும்.

எம்-சீல் போன்ற பசைகளும் நிரந்தரத் தீர்வல்ல. நடுவழியில் ஒழுகும் வண்டியை ஓரங்கட்ட உதவலாம், அவ்வளவே. துருவின்மேல் வைத்த பசை துருவைத்தான் பிடித்திருக்கும், இரும்பை அல்ல.

சரியாகச் செய்வதென்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் உங்களை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது. டேங்கை இறக்கச் சொல்லுங்கள். மேல்முகட்டில் துரு மேலோட்டமாக இருந்து தகடு திடமாக இருந்தால் டேங்கையே மாற்ற வேண்டியதில்லை. சுத்தம் செய்து துரு தடுக்கும் பூச்சு பூசி, பம்ப்பைச் சுற்றியுள்ள வளையத்தையும் இறக்கக் குழாயையும் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாகப் போட்டால் போதும். விரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு மெலிந்திருந்தால் டேங்கை மாற்றத்தான் வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்குவதாக இருந்தால் பம்ப் துளை வழியாக டார்ச் அடித்து உட்புறத்தைப் பாருங்கள்.

இரும்புக் குழாயில் துருப்பிடித்த துண்டை மட்டும் அறுத்துவிட்டு நடுவே ரப்பர் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. அழுத்தக் குழாயில் இதை ஏற்காதீர்கள். ஒரு துண்டு இந்த நிலைக்கு வந்திருந்தால், அதே வயதுள்ள மற்ற துண்டுகளும் அடுத்தடுத்து வரும். குழாயை முழு நீளத்துக்கும் மாற்றச் சொல்லுங்கள். கம்பெனிக் குழாய் கிடைக்காவிட்டால் செம்பு-நிக்கல் கலவைக் குழாயை முறையாக வளைத்து, முனையை விரித்து நட் போட்டு இணைக்கலாம். கடல் காற்றை அது நன்றாகத் தாங்கும். ஏ.சி.க்குப் பயன்படுத்தும் வெறும் செம்புக் குழாய் கூடாது. வண்டியின் அதிர்வில் இறுகி விரிசல் விடும். ரப்பர் ஹோஸ் தேவைப்படும் இடங்களில், மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள். அது இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் அழுத்தத்துக்கும் எத்தனாலுக்கும் உரியது. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கு ஆர்10 என்ற வேறு ரகம். மீட்டர் கணக்கில் சுருட்டி வைத்திருக்கும் பெயரில்லாத ஹோஸ் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் குழாய்களும் பெரும்பாலும் இதே சேஸிஸ் ஓரத்தில், இந்தப் பெட்ரோல் குழாயின் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவையும் இரும்பு, அதே வண்டலும் உப்பும்தான் அங்கேயும். இரண்டாவது ஒர்க்‌ஷாப்பின் மதிப்பீட்டில் பிரேக் குழாய் பற்றி ஒரு வரிகூட இல்லை. வண்டி லிஃப்டில் இருக்கும்போதே அவற்றையும் கிளிப் கிளிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாய் வாடையால் எச்சரிக்கும். பிரேக் குழாய் பெடல் கீழே இறங்கும்வரை எதுவும் சொல்லாது.

இன்சூரன்ஸும் 6,500 ரூபாய் பில்லும்

"இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்த வகை என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இந்த வயது வண்டிகளுக்குப் பலர் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எடுத்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் வண்டி எரிந்தால் ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு என்றால் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பிடித்தல் ஆகியவற்றால் வரும் சேதம் அதில் அடங்கும். ஆனால் தேய்மானத்தாலும் துருவாலும் தேவைப்படும் பழுதுபார்ப்பு அடங்காது. 46,000 ரூபாயை அங்கே கேட்க முடியாது. வெள்ளத்தின் தொடர்ச்சி என்று இப்போது கோருவதும் நிற்காது. அன்றே சேதத்தைத் தெரிவித்து சர்வே செய்திருக்க வேண்டும்.

வண்டியை நல்ல நிலையில் பராமரிக்கவும், சேதம் வராமல் காக்கவும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. கசிவு இருப்பது உங்களுக்குத் தெரியும் என்பதற்கு இப்போது ஒரு பில்லும் ஒரு மதிப்பீடும் சான்றாக இருக்கின்றன. இதற்குப் பிறகும் ஓட்டி விபத்து நேர்ந்தால் கம்பெனி இந்த நிபந்தனையைச் சுட்டும். அந்த ஒரு காரணத்தால் கோரிக்கை தானாக விழுந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாதாட வேண்டிய இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். பழுதைச் சரிசெய்த பில் கையில் இருந்தால் அந்த நிலை வராது.

முதல் ஒர்க்‌ஷாப் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கசிவைச் சரிசெய்ததாகப் பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்யாமல் விட்டது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன், கூடுதல் செலவில்லாமல் செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் வேலை தொடங்குமுன், அந்தப் பசை அப்படியே இருக்கும்போது தேதியோடு படம் எடுங்கள். முந்தைய வேலையால் கசிவு நிற்கவில்லை என்று இரண்டு வரி எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வெளியே காற்றாட வைத்திருங்கள். பிறகு முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்; பதினைந்து நாள் அவகாசம். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இந்த அளவுத் தொகைகள் பல நேரங்களில் அங்கேயே முடிந்துவிடும். முழு 46,000 ரூபாயையும் அவர்களிடம் கேட்கலாமா என்றால், கூடாது. துரு அவர்கள் உண்டாக்கியதல்ல.

வைத்திருப்பதா, விடுவதா

46,000 ரூபாய் அதிகமா என்ற கேள்விக்கு வண்டியின் விலையை வைத்துப் பதில் சொல்வது வழக்கம். நான் முதலில் சேஸிஸைப் பார்க்கச் சொல்வேன். டேங்கின் பட்டைகள் மாட்டும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் நெடுக்குப் பகுதி ஆகியவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்து துளை தெரிந்தாலோ, இந்த வண்டிக்குப் புதுக்குழாய் போடாதீர்கள். ஓராண்டில் வேறொரு பெரிய செலவு வரும், அதுவும் பாதுகாப்பாக இராது. சேஸிஸ் உறுதியாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். இந்தத் தொகைக்கு நம்பகமான வேறு வண்டி கிடைக்காது. தந்தையின் வண்டி என்ற பற்றுதலும் ஒரு நியாயமான காரணமே. ஆனால் அதற்குப் பிறகு வண்டியை இப்போதுபோல நிற்கவிடக் கூடாது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். டேங்கை முக்காலுக்குக் குறையாமல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அழுத்தத்தோடு கழுவுங்கள். உங்கள் ஊரில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது கெடுதலே.

சேஸிஸ் போய்விட்டது என்றால் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்குங்கள். புதிய வண்டி வாங்கும்போது அந்தச் சான்றிதழுக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதிகள் இடமளிக்கின்றன. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் விற்பது மட்டும் வேண்டாம். வாங்குகிறவர் வீட்டிலும் பின் இருக்கையில் ஒரு குழந்தை உட்காரும். சட்டப்படியும் அது உங்களைக் காப்பாற்றாது. குறையை அறிந்தே மறைத்தது பின்னால் தெரிந்தால் மோசடி என்ற வழக்கு வரலாம். பெயர் மாற்றம் பதிவாகும்வரை ஆர்.சி.யில் பெயருள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பதென்றால் இரண்டாவது ஒர்க்‌ஷாப்பின் மதிப்பீட்டைக் கையில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். பதினான்கு நாளுக்குள் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

பழுதுபார்க்க முடிவெடுத்தால், வேலை முடிந்ததும் உடனே பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவராதீர்கள். ஒர்க்‌ஷாப்பிலேயே டேங்கைக் கழுத்து வரை நிரப்பச் சொல்லி, இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, லிஃப்டில் ஏற்றி ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அன்றிரவு வண்டி அங்கேயே நிற்கட்டும். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், கண்ணாடிகளை ஏற்றி வைத்திருந்த அந்த வண்டியின் பின்கதவை நீங்களே திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை துளியும் இல்லையென்றால், எந்தெந்தக் குழாய், எந்தெந்த வளையம் மாற்றப்பட்டது என்று பாகம் பாகமாக எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.